நீரிழிவும் உடலுழைப்பும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் நீரிழிவு நோய் பற்றிய கட்டுரை எதற்கு என்று மாணவர் சிலர் வியக்கக்கூடும். வள்ளுவப் பெருந்தகை மருந்துக்கென்றே ஓர் அதிகாரத்தை வகுத்தவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய அதன் பத்துக் குறள்களில் பெரும்பகுதி உணவின் அளவையே பேசுகிறது. உடலுழைப்பைப் பற்றித் தனியே அறிவுறுத்த வேண்டிய தேவை அவர் காலத்துத் தமிழர்க்கு எழவில்லை போலும். ஏர் பிடித்தும், நெல் குற்றியும், ஊர்விட்டு ஊர் நடந்தும் வாழ்ந்த மக்களுக்கு உழைப்பு தானாகவே அமைந்திருந்தது. இன்று உணவு பெருகிவிட்டது, உழைப்போ அருகிவிட்டது. ஆதலின் அன்று சொல்லாமல் விடப்பட்டதை இன்று சொல்லியாக வேண்டியுள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு தழுவி நடைபெற்ற ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையோர் என்றும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாயிலில் நிற்போர் என்றும் அது கணக்கிட்டது. நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரிடம், வீட்டில் யாருக்கேனும் இந்நோய் உண்டா என்று கேட்டால் உயரும் கைகளே இதற்குச் சான்று.

இக்கட்டுரைக்கு நம்மைத் தூண்டியது எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. எங்கள் அத்தா நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். மூட்டைகளை நகர்த்துவதும், எடை போடுவதும், நாள் முழுதும் நின்றுகொண்டே இருப்பதும் அவர் வாழ்க்கையாக இருந்தன. அறுபது வயதில் கடையை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் அமர்ந்தார். உணவு மாறவில்லை, உழைப்பு மட்டும் நின்றது. ஓராண்டுக்குள் இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, நடக்கவும் சொன்னார். எவ்வளவு நடப்பது, எப்போது நடப்பது என்று அவரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடப்பது நல்லதெனில் மிகுதியாக நடப்பது மிகவும் நல்லது என்று அத்தா முடிவு செய்துகொண்டார். விடியற்காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விரைந்து நடந்தார். ஒருநாள் கடைத்தெருவில் மூடிக்கிடந்த கடையொன்றின் படியில், உடலெல்லாம் வியர்த்து, நாக்குழறி அமர்ந்துவிட்டார். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் சர்க்கரை அள்ளிப் போட்டுக் கொடுத்த தேநீரால் மீண்டார்.

அன்றோடு அவர் நடையை விட்டுவிட்டார். மீண்டும் சர்க்கரை ஏறியது. அவரைக் கெடுத்தது நடையன்று. நடையைப் பற்றிய அறியாமையே ஆகும். உடற்பயிற்சியும் ஒரு மருந்தே. மருந்துக்கு அளவு உண்டு, வேளை உண்டு, எச்சரிக்கையும் உண்டு. இம்மூன்றையும் அறிந்து கைக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பெயரும் பழைய அறிவும்

நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள ‘இழிவு’ தாழ்வைக் குறிப்பதன்று. இழிதல் என்பது இறங்குதல், வடிதல் என்னும் பொருளது. நீராக வடிந்து போகும் நோய் என்பதே அப்பெயரின் கருத்து. மேலைநாட்டார் வழங்கும் ‘டயாபடீஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடுருவிக் கடந்து செல்வதையே குறிக்கும். வடமொழியார் சிறுநீரின் இனிப்பைக் கண்டு மதுமேகம் என்றனர். இந்நோயுற்றோரை நாணத்துக்கு உரியோர்போலக் கருதி, நோயை மறைப்பாரும் நம்மிடையே உளர். பெயரிலேயே அத்தகைய இழிவு எதுவும் இல்லை என்பதை மொழி பயின்றோர் எடுத்துரைக்க வேண்டும்.

உடலுழைப்பு இந்நோய்க்கு மருந்தாகும் என்பதும் புதிய செய்தியன்று. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதை இந்நோயாளருக்கு மற்போர், யானையேற்றம், குதிரையேற்றம், நெடுந்தொலைவு நடத்தல் ஆகியவற்றை விதிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு சீனா தம் ‘கானூன்’ என்னும் பெருநூலில் நீரிழிவை விளக்கியுள்ளார். உடல்நலம் பேணும் முறைகளுள் உடற்பயிற்சிக்கும் தனியிடம் தந்துள்ளார்.

1921ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தபின் மருத்துவ உலகமே மாறியது. அதுவரை சாவை எதிர்நோக்கிக் கிடந்த குழந்தைகள் பிழைத்தெழுந்தனர். இலண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ் தாமே நீரிழிவு உடையவர். இன்சுலினால் உயிர் பிழைத்தவர். 1926ஆம் ஆண்டில் அவர் ஓர் உண்மையை வெளியிட்டார். இன்சுலின் செலுத்திக்கொண்டு உடலை இயக்கினால் சர்க்கரை மிகுதியாக இறங்குகிறது என்பதே அது. உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒரே தேரில் பூட்டிய மூன்று குதிரைகள் என்று அமெரிக்க மருத்துவர் ஜாஸ்லின் உவமித்தார். ஒரு குதிரை மட்டும் தறிகெட்டு ஓடினால் தேர் கவிழும் என்பதற்கு எங்கள் அத்தாவின் வாழ்வே விளக்கமாயிற்று.

தசை என்னும் களஞ்சியம்

நலமுடைய ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை எவ்வளவு? ஏறத்தாழ ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி அளவே. ஒரு வேளைச் சோற்றிலிருந்து கிடைக்கும் சர்க்கரையோ இதனைப் போலப் பல மடங்கு. அத்தனையும் இரத்தத்தில் தங்கினால் நிலைமை என்னாகும்? அவ்வாறு தங்காமல் எடுத்து வைத்துக்கொள்ளும் களஞ்சியங்கள் உடலில் உள்ளன. கல்லீரல் ஏறத்தாழ நூறு கிராமும், தசைகள் ஏறத்தாழ நானூறு கிராமும் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமித்து வைக்கின்றன. எனவே உண்ட உணவின் சர்க்கரைக்குப் பெரிய களஞ்சியம் நம் தசைகளே.

இக்களஞ்சியத்தின் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. உணவு உண்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசையணுவின் புறத்தே வந்து செய்தி சொல்கிறது. உடனே அணுவின் உள்ளே ஒதுங்கியிருக்கும் ‘குளூட்-4’ என்னும் புரதங்கள் அணுவின் விளிம்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே ஏற்றுகின்றன. நடுவயதில் பெரும்பாலோர்க்கு வருவது இரண்டாம் வகை நீரிழிவு. அதில் இன்சுலின் சொல்லும் செய்தி தசைக்குச் சரியாக எட்டுவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப் போகிறது. சர்க்கரை வாயிலில் தேங்கி நிற்கிறது.

இங்கேதான் உடற்பயிற்சியின் பெருமை விளங்கும். தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் செய்திக்குக் காத்திராமலே அதே குளூட்-4 புரதங்கள் விளிம்புக்கு வருகின்றன. உழைக்கும் தசைக்கு எரிபொருள் உடனே வேண்டும். அதற்கென இயற்கை தனிவழி ஒன்றை அமைத்திருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவு உடையோர்க்கு இன்சுலின் வழி பழுதுபட்டிருப்பினும், இந்த இரண்டாம் வழி பெரிதும் பழுதின்றியே இருக்கிறது. முன்வாசல் இறுகிக் கிடக்கும் வீட்டில் கொல்லைப்புறக் கதவைத் திறந்து நெல்லை உள்ளே சேர்ப்பது போன்றது இது.

நடை முடிந்த பின்னரும் அதன் பயன் தொடர்கிறது. உழைப்பினால் ஓரளவு காலியான களஞ்சியத்தை நிரப்பிக்கொள்ளத் தசை சர்க்கரையை ஈர்த்துக்கொண்டே இருக்கும். இன்சுலினின் சொல்லுக்கும் முன்னினும் நன்கு செவிசாய்க்கும். ஆயின் இந்நிலை ஒரு நாள் முதல் மூன்று நாள்கள் வரையே நீடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் நடந்துவிட்டு அடுத்த ஞாயிறு வரை அமர்ந்திருப்போருக்குப் பயன் குறைவதன் காரணம் இதுவே. ஒருவேளை மருந்தை ஒரு வாரத்துக்கு நீட்டிக்க இயலாது.

நம் உடல்வாகு

‘நான் மெலிந்தவன், எனக்கு எதற்கு உடற்பயிற்சி?’ என்று கேட்போர் உண்டு. 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ ஏட்டில் இரு மருத்துவ அறிஞர்களின் ஒளிப்படம் வெளிவந்தது. ஒருவர் பூனாவைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. யுட்கின் நெடுந்தொலைவு ஓட்டப் பந்தயங்களில் ஓடுபவர். யாஜ்னிக்கின் முதன்மையான உடற்பயிற்சியோ, காலையில் மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் ஓடிச்சென்று ஏறுவதுதான் என்று அக்குறிப்பு நகைச்சுவையோடு கூறியது.

நகைச்சுவைக்குள் உண்மை பொதிந்துள்ளது. இந்தியரிடம் ஒரே எடைக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, மிகுதியாகவும் அமைவது பொதுவான இயல்பு. தசை குறைந்தால் களஞ்சியம் சிறுத்துவிடும். எனவே மெலிந்தோரும் தசையைப் பேணுதல் வேண்டும். விடைத்தாள் திருத்துவதும் நூல் படிப்பதுமாக அமர்ந்தே காலம் கழிக்கும் நம் போன்ற ஆசிரியர்க்கு இது முதற்கண் பொருந்தும்.

ஆய்வுகள் கூறுவன

நோய் வந்தபின் மட்டுமன்றி, வருமுன் காப்பதிலும் உழைப்புக்குப் பங்குண்டு. சீனாவின் தாச்சிங் நகரில் 1986ஆம் ஆண்டில், நோயின் வாயிலில் நின்ற 577 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஆறு ஆண்டுகளின் முடிவில், உடற்பயிற்சியை மேற்கொண்ட குழுவினருக்கு நோய் வரும் வாய்ப்பு 46 விழுக்காடு குறைந்திருந்தது.

நம் சென்னையிலும் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் இத்தகைய ஆய்வை நடத்தி 2006ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். உணவு ஒழுங்கும் நாள்தோறும் நடையும் நோய் வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 விழுக்காடு குறைத்தது. கடையில் வாங்கும் மாத்திரைக்கு நம் காலின் நடையும் உணவின் ஒழுங்கும் ஈடாக நின்றன என்பதே இதன் பொருள்.

நோய் வந்தவர்க்கும் பயன் உண்டு. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ‘ஹெச்.பி.ஏ.1.சி.’ என்னும் சோதனையை நோயாளர் அறிவர். பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2011ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட மதிப்பீட்டின்படி, முறையான பயிற்சி இச்சராசரியை ஏறத்தாழ 0.67 புள்ளி குறைக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடத்துக்கு மேல் பயின்றோர்க்கு 0.89 புள்ளியும், அதற்குக் குறைவாகப் பயின்றோர்க்கு 0.36 புள்ளியும் குறைந்தன. எண் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மாத்திரையைக் கூடுதலாகச் சேர்ப்பதால் கிடைக்கும் பயனுக்கு இது நெருங்கியதே. அளவைப் பொறுத்தே பயன் என்பதும் இதனால் பெறப்படும்.

அளவும் வேளையும்

உலகெங்கும் மருத்துவர்கள் வகுத்துள்ள அளவு, வாரத்துக்கு 150 நிமிட நடுத்தர உழைப்பு. நாளுக்கு முப்பது நிமிடம் என ஐந்து நாள் நடந்தால் இவ்வளவு நிறைவுறும். தொடர்ந்து இரண்டு நாள்களுக்கு மேல் இடைவெளி விடலாகாது. நடுத்தர உழைப்பு என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நடக்கும்போது உடன் வருபவரோடு பேச இயல வேண்டும். பாட இயலாதிருக்க வேண்டும். பாட முடிந்தால் நடை போதாது. பேசவும் முடியாவிட்டால் நடை மிகுதி.

இதனோடு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். இதற்குப் பயிற்சிக்கூடம் தேடிச் செல்ல வேண்டியதில்லை. கைப்பிடி பற்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கி இறக்குதல் ஆகியவை போதும்.

வேளையைப் பொறுத்தவரை, விடியற்காலை நடையே சிறந்தது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. சர்க்கரை மிகுதியாக ஏறுவதோ உணவு உண்டபின்னரே. நோயின் வாயிலில் நின்ற முதியோரிடம் அமெரிக்காவில் செய்யப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடப்பது, காலையில் ஒரே மூச்சாக நாற்பத்தைந்து நிமிடம் நடப்பதற்கு இணையான பயன் தந்ததைக் காட்டியது. இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் இம்முறையே மேம்பட்டு நின்றது. ஒரு மணி நேரம் ஒதுக்க இயலாது என்போர்க்கு இது நற்செய்தி. நெடுநேரம் அமர்ந்திருப்போர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் உலவுவதும் சர்க்கரையைத் தாழ்த்தும்.

நம் சமுதாயப் பெரியோர் சிலர், ஐவேளைத் தொழுகையே போதிய உடற்பயிற்சி என்று கூறுவர். தொழுகை இறைவனுக்கு உரியது. அதன் நோக்கம் வேறு. குனிதலும் பணிதலும் எழுதலும் மூட்டுகளை இளக்கி வைக்கும் என்பதில் ஐயமில்லை. எனினும் மூச்சு விரையும் நடைக்கு அவை ஈடாகா. அதே வேளையில், பள்ளிவாசலுக்கு வண்டியில் செல்லாமல் நடந்து செல்வோர்க்கு மேற்கண்ட ஆய்வின் பயன் எளிதில் கிட்டும். மஃரிபை அடுத்து இரவு உணவை முடித்துக்கொண்டு, இஷாத் தொழுகைக்குச் சற்று விரைந்து நடந்து போய்த் திரும்புபவர், உணவுக்குப் பின்னான நடையைத் தம்மை அறியாமலே மேற்கொண்டவர் ஆகிறார்.

எச்சரிக்கைகள்

இனி, அத்தாவுக்கு நேர்ந்ததன் காரணத்தைக் காண்போம். நீரிழிவு மருந்துகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோர்க்கு நடையால் சர்க்கரை மிகத் தாழ்வது அரிது. இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற கணையத்தைத் தூண்டும் மாத்திரைகளை உட்கொள்வோரும் கவனமாக இருத்தல் வேண்டும். மருந்து ஒரு புறமும் நடை மறுபுறமும் இறக்க, உணவும் இல்லாதபோது சர்க்கரை அளவுகடந்து தாழ்கிறது. இத்தகையோர் பயிற்சிக்கு முன் சர்க்கரையைச் சோதித்தல் நன்று. அது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பின் சிறிது உணவு உண்டபின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினைத் தொடையில் செலுத்திக்கொண்டு உடனே நடந்தால் அது விரைந்து இரத்தத்தில் கலந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவதே தாழ்சர்க்கரை நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, தடுமாற்றம், நாக்குழறல் ஆகியவை இதன் அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, தேவையாயின் மீண்டும் குடிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். நடக்கச் செல்லும் நோயாளர் சட்டைப்பையில் சிறிது சர்க்கரையும், தம் நோயைக் குறித்த சீட்டு ஒன்றும் வைத்திருத்தல் உயிர்காக்கும். தெருவில் தடுமாறும் முதியவரைக் கண்டு குடிகாரர் என எண்ணி ஒதுங்கிச் செல்லும் மாணவர், இவ்வடையாளங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சியால் சர்க்கரை ஏறுவதும் உண்டு. கடும் பளு தூக்கினாலோ மூச்சிரைக்க ஓடினாலோ அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் சேமிப்பை இரத்தத்தில் கொட்டுகிறது. இரண்டாம் வகையினர்க்குப் பெரும்பாலும் இது சற்று நேரத்தில் தணியும். இன்சுலினையே நம்பி வாழும் முதல் வகையினருக்குச் சர்க்கரை 250 மில்லிகிராமுக்கு மேல் இருந்து, சிறுநீரிலோ இரத்தத்திலோ கீட்டோன் என்னும் நச்சுப்பொருளும் காணப்பட்டால், பயிற்சி அறவே கூடாது. முதலில் மருத்துவரை நாட வேண்டும்.

விழித்திரையில் புதிய குருதி நாளங்கள் முளைத்திருப்போர் பளு தூக்குதலையும் தலைகீழ்ப் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால் அக்கணமே நிறுத்த வேண்டும். கால் மரத்துப் போனவர் பொருந்திய காலணியின்றி ஓரடியும் நடக்கலாகாது; நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நோன்புக் காலத்தில்

ரமலான் மாதத்தில் இவ்வினா நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுகிறது. நோயாளர் நோன்பை வேறு நாள்களுக்கு ஒத்திவைக்கும் சலுகையைத் திருமறையே வழங்கியுள்ளது. நோன்பு நோற்க விரும்புவோர் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும் என்று பன்னாட்டு நீரிழிவு வல்லுநர்கள் வகுத்த வழிகாட்டி கூறுகிறது.

நோன்பு நேரத்தில் கடும் பயிற்சி வேண்டா. குறிப்பாக மாலையில், நோன்பு திறப்பதற்கு முந்திய மணி நேரங்களில் அறவே வேண்டா. அப்போது கல்லீரலின் சேமிப்பு குறைந்திருக்கும். இரவில் நெடுநேரம் நின்றும் குனிந்தும் தொழும் தராவீஹ் தொழுகையையே அந்நாளின் பயிற்சியில் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும் என்றும் அவ்வழிகாட்டி கூறுவது நம் கவனத்துக்குரியது. எனவே இன்சுலின் செலுத்திக்கொள்வோர் தராவீஹுக்குச் செல்லும்போது நீரும் சிறிது சர்க்கரையும் உடன் கொண்டு செல்வது நலம். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை உடனே முடித்துக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்க இன்னும் அரைமணி நேரம்தானே என்று பொறுத்திருப்பது பேராபத்து.

மகளிர்க்கு நேரமும் இடமும்

எங்கள் அம்மாவுக்கும் அத்தாவுக்கு மூன்றாண்டு கழித்து இதே நோய் வந்தது. அத்தாவுக்குக் காலணி வாங்கினோம். சோதனைக் கருவி வாங்கினோம். அந்நிகழ்ச்சிக்குப் பின் அவர் மருத்துவரிடம் முறையாக ஆலோசனை பெற்று, காலை உணவுக்குப் பின் நடக்கத் தொடங்கினார். அம்மாவைப் பற்றி நாங்கள் அனைவரும் சொன்னது ஒன்றே: ‘வீட்டு வேலையே போதாதா?’ அடுப்படியில் நின்றவாறு செய்யும் வேலை களைப்பைத் தருமேயன்றி, நடையின் பயனை முழுமையாகத் தாராது என்பது எங்களுக்குத் தெரியாது. தெருவில் நடக்க அவர் தயங்கினார். உடன் செல்ல எங்களில் எவரும் முன்வரவில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து தெறித்த கங்கு காலில் பட்டதை அவர் உணரவே இல்லை. புண் பெருகி, இரண்டு கால்விரல்களை அகற்ற நேர்ந்தது. கட்டுப் போட்ட மருத்துவர், ‘இந்தக் கால்களை வீட்டில் யாராவது பார்த்ததுண்டா?’ என்று கேட்டார். அத்தாவின் காலுக்கு அளவெடுத்துக் காலணி வாங்கிய எங்களால் அதற்கு விடை கூற இயலவில்லை.

நம் சமுதாயப் பெண்டிர் பலரின் நிலை இதுவே. குறை அவர்களிடம் இல்லை. நேரமும் இடமும் துணையும் தராத நம்மிடம் உள்ளது. வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடக்கலாம். மருமகளோ பேத்தியோ உடன் நடந்தால், அவர்களுக்கும் வருமுன் காப்பாக அமையும்.

ஊர் கூடினால் இன்னும் செய்யலாம். சென்னை ஆசியாட் காலனியில் வாழ்ந்த நடுத்தர வருவாய்க் குடும்பத்தினர், மருத்துவ ஆய்வாளர்களிடம் உடற்பயிற்சியின் நன்மையைக் கேட்டறிந்து, தாமே நிதி திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் அங்கு 14.2 விழுக்காடாக இருந்தனர். சில ஆண்டுகளில் அது 58.7 விழுக்காடாக உயர்ந்தது என 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுரை தெரிவிக்கிறது. அறிவுரையோடு இடமும் கிடைத்தபோது மக்கள் நடந்தனர்.

முடிவுரை

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். முதல் மூன்றை நாம் மறப்பதில்லை. நான்காமவரே நம் இல்லங்களில் பெரும்பாலும் காணப்படாதவர். உடற்பயிற்சி என்னும் இம்மருந்தை நோயாளியே தம் உடலால் ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான வேளையையும் துணையையும் இல்லத்தார் தர வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்று பெற்றோர்க்குப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரைக் கேட்டறிந்து, நடையோடு அது எவ்வாறு பொருந்தும் என மருத்துவரிடம் வினவுங்கள். இன்றிரவு உணவு முடிந்ததும் அவர்களோடு பதினைந்து நிமிடம் நடந்து வாருங்கள். பெரியோர்களே! நம் கல்லூரியின் விளையாட்டுத் திடல் மாலை ஆறு மணிக்குப் பின் வெறுமையாகவே கிடக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், ஒரு மணி நேரம், சுற்றுப்புறத்து மகளிர்க்கென அதனைத் திறந்துவைக்க நிர்வாகத்தார் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். எங்கள் அம்மா இப்போது தைத்த காலணி அணிந்து முற்றத்தில் மெல்ல நடக்கிறார். திடல் திறக்கும் நாளில் அவரைக் கைப்பிடித்து அழைத்து வருவோம்.